‘வைரசு தென்படவில்லை’ என்று அறிக்கை வந்த பிறகும் ஈரலைக் கவனிப்பது ஏன்?

ஹெபடைடிஸ் பி தொற்று நாட்பட்டு சிரோசிஸ் வரை போனவர்களுக்கு, அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப் போனவர்களுக்கு, வைத்தியர்கள் தெனோபோவிர் அல்லது என்டெகாவிர் குளிசையைத் தினமும் எடுக்கச் சொல்கிறார்கள். காலப்போக்கில் குருதிப் பரிசோதனையில் ‘வைரசு தென்படவில்லை’ என்று வரும். அதோடு கிளினிக் போவதைக் குறைப்பவர்களும், குளிசையையே விட்டுவிடுபவர்களும் உண்டு. சிக்கல் அங்கேதான்.

அந்த அறிக்கை குருதியைப் பற்றி மட்டுமே சொல்கிறது. ஈரல் கலங்களின் கருவுக்குள் வைரசின் மரபுப்பொருள் தங்கியே இருக்கிறது. இன்றைய குளிசைகள் வைரசு பெருகுவதைத் தடுக்கின்றன, அதை அடியோடு அகற்றுவதில்லை. நிறுத்தினால் மீண்டும் பெருகலாம். நல்ல ஈரல் அதைத் தாங்கக்கூடும். இறுகிய ஈரல் செயலிழந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

மருந்தில் பயனில்லை என்று இதற்குப் பொருளல்ல. சிரோசிஸ் அல்லது அதற்கு முந்திய கடும் தழும்பு இருந்த 651 பேரிடம் லமிவுடின் என்ற பழைய மருந்தைச் சோதித்த ஆய்வு 2004 இல் வெளியானது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 17.7 வீதமானோருக்கு நோய் முற்றியது. மருந்து எடுத்தவர்களில் 7.8 வீதம். ஈரல் புற்றுநோய் 7.4 வீதத்துக்கு எதிராக 3.9 வீதம். கிட்டத்தட்டப் பாதியானது, ஆனால் இல்லாமல் போகவில்லை. 2013 இல் வெளியான தெனோபோவிர் ஆய்வு இன்னும் நம்பிக்கை தருவது: ஆரம்பத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேரின் ஈரல், ஐந்து வருடச் சிகிச்சையின் பின் அந்த நிலையிலிருந்து மீண்டிருந்தது.

ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் தவறக்கூடாது. ஈரல் புற்றுநோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. சிறு கட்டியாகக் கண்டால் வெட்டவோ சுட்டு அழிக்கவோ முடியும். வலி வந்த பிறகு போனால் பெரும்பாலும் பிந்திவிடும்.

மற்ற ஆபத்து குருதிக்கசிவு. குடலிலிருந்து வரும் குருதி இறுகிய ஈரலுக்குள் புக முடியாமல் உணவுக்குழாயின் நாளங்களை வீங்கச் செய்கிறது. அவை வெடித்தால் இரத்த வாந்தி வரும், அல்லது மலம் தார் போலக் கறுக்கும். விடியும்வரை பொறுக்கக்கூடாது. வயிறு நீர் கட்டி வீங்குதல், கண் மஞ்சளாதல், பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சுத் தடுமாறுதல் ஆகியனவும் உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள். கடைசி இரண்டையும் வீட்டார் ‘யோசனையில் இருக்கிறார்’ என்று விட்டுவிடுவதுண்டு.

எங்கள் பிரதேசங்களில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஷெல் துண்டுகளை உடம்பில் சுமப்பவர்கள் வலி தாங்காமல் டைக்ளோபெனாக், இபுபுரூபன் குளிசைகளை பார்மசியில் நேரே வாங்கிப் போடுகிறார்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு இவை குருதிக்கசிவைத் தூண்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வைத்தியர் சொல்லும் அளவுக்குள் பனடோல் இவற்றைவிடப் பாதுகாப்பானது. யுத்தத்துக்குப் பிறகு நித்திரையின்றி நித்திரைக் குளிசைக்குப் பழகியவர்களும் கிளினிக்கில் அதைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன தடுமாற்றத்தை அது வரவழைக்கும். எந்த வைத்தியரிடம் போனாலும் ‘எனக்கு சிரோசிஸ்’ என்று முதலில் சொல்வது நல்லது.

யுத்த காலத்தில் காயத்துக்கு இரத்தம் ஏற்றியவர்கள் பலருக்கு இந்தத் தொற்றுப் பயம் உண்டு. ஆனால் வளர்ந்த வயதில் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் உடலே அதை வென்றுவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால்தான் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அது நாட்பட்ட நோயாகிறது. ஆகவே ஒருவருக்கு நோய் தெரிந்தால் தாய், சகோதரர், துணை, பிள்ளைகள் எல்லோரும் ஒரு குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இலங்கையில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 2003 இலிருந்துதான் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள், தொற்று இல்லையென்று தெரிந்தால் இப்போதும் போடலாம். ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் இது தொற்றாது. சவர அலகையும் பல்துலக்கியையும் பகிரக்கூடாது.