நடுங்கும் மலைப்பாம்பு: தாய்மையா, நோயா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மலைப்பாம்பைக் காண்பது புதிதல்ல. ரப்பர் இருந்த காலத்தில் பால்வெட்டு நிரைகளிலும் ஓடைக்கரைகளிலும் கிடந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு எலிகள் பெருகின. எலியைத் தேடி மலைப்பாம்பும் வந்தது. மலாய்க்காரர்கள் அதை ‘சாவா பாத்திக்’ என்பார்கள். உடலெங்கும் வலை பின்னியதுபோல் கோலம் இருக்கும். உலகிலேயே மிக நீளமாக வளரும் பாம்பு இதுதான்.

இப்போது மலைப்பாம்பு தோட்டத்தில் மட்டும் இல்லை, சில வீடுகளின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. சாவா பாத்திக்குடன், பர்மிய மலைப்பாம்பையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிறிய ‘பால் பைத்தான்’ வகையையும் இளைஞர்கள் ஆசையாக வளர்க்கிறார்கள். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால்தான் அதற்கு அந்தப் பெயர். குடிக்கும் பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பாம்பை வளர்ப்பவர்களைத் திகைக்க வைக்கும் காட்சி ஒன்று உண்டு. நேற்றுவரை மரக்கட்டைபோல் அசையாமல் கிடந்த பாம்பு திடீரென்று நடுங்கும். பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது, “பாவம், குளிருது போல” என்பதுதான். உடனே பெட்டிக்குள் மின்விளக்கை இறக்குவார்கள். சிலர் வெந்நீர்ப் போத்தலை வைப்பார்கள்.

பிழை இங்கேதான் தொடங்குகிறது.

பாம்பு குளிரில் நடுங்காது

மனிதனுக்குக் குளிரெடுத்தால் தசைகள் தாமாகவே துடித்துச் சூட்டை உண்டாக்குகின்றன. நம் நடுக்கம் அதுதான். பாம்பின் உடலில் அப்படியோர் ஏற்பாடு பொதுவாகக் கிடையாது. அது வெயிலிலும் சூடான கல்லிலும் படுத்துத்தான் சூட்டைப் பெறுகிறது. குளிர்ந்தால் நடுங்காமல் மந்தமாகிவிடும். அசைவு குறையும், இரையும் செரிக்காது.

எனவே நடுங்கும் பாம்பைப் பார்த்து ‘குளிர்’ என்று முடிவு கட்டக்கூடாது. சூடான விளக்கில் உடல் பட்டால் பாம்பு விலகிப்போகும் என்று நம்பவும் முடியாது. மெதுவாக வெந்துபோகும்வரை அங்கேயே படுத்திருக்கும் பாம்புகள் உண்டு. நடுக்கத்துக்குக் காரணமே அதிக வெப்பமாக இருந்தால், உதவி என்று நினைத்து வைத்த விளக்கே அதைக் கொன்றுவிடும்.

இந்த விதிக்கு ஒரே ஒரு பெரிய விலக்கு உண்டு. அது தாய்ப் பாம்பு.

முட்டைக்காக நடுங்கும் தாய்

பெரும்பாலான பாம்புகள் முட்டையிட்டதும் போய்விடும். மலைப்பாம்பு போகாது. முட்டைகளை ஒன்றாகக் குவித்து, உடலால் சுற்றி, தலையை மேலே வைத்துப் படுத்துக்கொள்ளும். பர்மிய மலைப்பாம்பும் இந்திய மலைப்பாம்பும் இன்னொன்றையும் செய்கின்றன. காற்றில் சூடு குறைந்தால் உடல் தசைகளை விட்டுவிட்டுச் சுண்டி இழுக்கின்றன. பார்ப்பவருக்கு அது விக்கல்போலத் தெரியும். தசை உண்டாக்கும் அந்தச் சூடு முட்டைகளைக் காக்கிறது.

இதை உலகம் எளிதில் நம்பிவிடவில்லை. இந்தியாவில் பாம்புகளைக் கவனித்த லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி, மலைப்பாம்பு கோழியைப்போல் அடைகாக்கிறது என்று 1832-இல் பாரிஸ் அறிவியல் கழகத்திடம் தெரிவித்தார். குளிர்ந்த இரத்தப் பிராணி எப்படி அடைகாக்கும் என்று அறிஞர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். 1841-இல் பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலையிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டது. வலென்சியென் என்ற அறிஞர் அதன் உடல் வளையங்களுக்கு நடுவே வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்த காற்றைவிடப் பாம்பு சூடாக இருந்தது.

1966-இல் நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு பர்மிய மலைப்பாம்பை வைத்து இது துல்லியமாக அளக்கப்பட்டது. வெப்பம் 33 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியபோது தாயின் தசைகள் துடிக்கத் தொடங்கின. காற்று மேலும் குளிர்ந்தபோது துடிப்பும் கூடியது. சுற்றுப்புறத்தைவிட ஏறக்குறைய 5 டிகிரிவரை அதிகமான சூட்டை அது தக்க வைத்துக்கொண்டது. முட்டை பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அத்தனை நாளும் தாய் பெரும்பாலும் எதையும் உண்பதில்லை.

எல்லா மலைப்பாம்பும் இப்படித் துடிப்பதில்லை. பால் பைத்தான் முட்டையைச் சுற்றிப் படுக்கும், ஆனால் துடித்துச் சூடேற்றாது. நம் சாவா பாத்திக்கும் முட்டையைக் காவல் காக்கும். பர்மியப் பாம்பின் அளவுக்குத் துடிப்பை அதனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

“எங்கள் வீட்டில் ஒரே ஒரு பாம்புதான், முட்டைக்கு வழியில்லை” என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் லூயிவில் விலங்குக் காட்சிச்சாலையில் ஆண் துணையே இல்லாமல் இருந்த தெல்மா என்ற சாவா பாத்திக் 2012-இல் 61 முட்டைகள் இட்டது. அவற்றிலிருந்து ஆறு பெண் குட்டிகள் வந்தன. தந்தை இல்லை என்பதை மரபணுச் சோதனையும் உறுதி செய்தது. ஆகவே நடுங்கும் பாம்பு பெண் என்றால், முதலில் அதன் வளையங்களுக்குள் முட்டை இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

கவலைப்படத் தேவையில்லாத அசைவுகள்

முட்டை இல்லாத பாம்பிலும் சில அசைவுகள் இயல்பானவை. இரை விழுங்கிய பிறகு உடலில் அலைபோல் தசை ஓடும். கையில் தூக்கும்போது, பிடிமானம் இல்லாத பகுதி தன் எடையைத் தாங்க முயன்று லேசாக அதிரும். மிரண்ட பாம்பின் உடலிலும் வாலிலும் சிறு துடிப்பு தெரியலாம். சட்டை உரிக்கும் நாள்களில் தலையைக் கல்லிலும் கட்டையிலும் தேய்க்கும்.

இவற்றுக்குப் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. காரணம் விலகியதும் அசைவும் நின்றுவிடும். தலை உறுதியாக இருக்கும், நாக்கு வழக்கம்போல் வெளியே வந்து போகும், பாம்பு நினைத்த இடத்துக்கு நேராக ஊரும்.

தலை ஆடினால் தாமதிக்கக் கூடாது

அடைகாக்கும் தாயின் துடிப்பு உடலில்தான் இருக்கும். தலை அமைதியாக இருக்கும். தலையே ஆடினால், கழுத்து திருகினால், நரம்பு மண்டலத்தில் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும். கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரை நாடுவது நல்லது:

தலை தொடர்ந்து நடுங்குவது, அல்லது இரையைக் குறி பார்த்தும் தவறவிடுவது.

தலையைப் பின்னுக்கு வளைத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. மருத்துவர்கள் இதை ‘நட்சத்திரம் பார்த்தல்’ என்கிறார்கள்.

புரண்டு கிடக்கும் பாம்பு வயிற்றுப் பக்கம் திரும்ப முடியாமல் தவிப்பது.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, வாயில் சளி அல்லது நுரை வருவது.

விழுங்கிய இரையைத் திரும்பத் திரும்பக் கக்குவது.

சில முட்டைகளை இட்டுவிட்டு, மீதி வராமல் முக்கிக்கொண்டே இருப்பது.

என்னென்ன காரணங்கள்?

முதல் காரணம் வெப்பம். மலைப்பாம்புக்குப் பெட்டியின் சூடான பக்கம் 31, 32 டிகிரியும் குளிர்ந்த பக்கம் 26, 27 டிகிரியும் இருந்தால் போதும். ஈப்போ வெயிலில் நிறுத்தப்பட்ட காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு இதைத் தாண்டிப் போய்விடும். அதிக வெப்பம் மூளையைத் தாக்கும்போது பாம்பு நடுங்கும், தள்ளாடும், பிறகு சுருண்டு விழும்.

இரண்டாவது, பூச்சிமருந்து. கொசுவுக்கும் கரப்பானுக்கும் வீட்டில் அடிக்கும் மருந்து மூடிய பெட்டிக்குள் தங்கிவிட்டால் பாம்பின் நரம்பைப் பாதிக்கும். பாம்பின் உடலில் ஒட்டும் உண்ணியைக் கொல்ல அளவு பார்க்காமல் மருந்து தெளிப்பதும் அப்படியே. ஏடிஸ் கொசுவை ஒழிக்கத் தாமானில் புகையடிக்கும் நாளில், பாம்புப் பெட்டியைப் புகை வராத அறைக்கு மாற்றிவிட வேண்டும். புகை அடங்கிய பிறகு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, தொற்றுநோய். போவா, மலைப்பாம்பு வகைகளைத் தாக்கும் கொடிய நோய் ஒன்றுக்கு ‘இன்க்ளூஷன் பாடி’ நோய் என்று பெயர். பல ஆண்டுகளாகக் காரணம் தெரியாமல் இருந்தது. போவாவை வளர்த்த ஒருவர் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு எழுதிய கடிதம் ஆய்வுக்குத் தூண்டுகோலானது. 2012-இல் அரீனா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த புதிய கிருமிகள் நோயுற்ற பாம்புகளில் கண்டுபிடிக்கப்பட்டன.

இந்த நோயில் ஆபத்தான அம்சம் ஒன்று உண்டு. போவா பாம்பு வெளியே ஒன்றும் தெரியாமல் நீண்ட காலம் கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். மலைப்பாம்புக்கு வந்தாலோ தலை நடுக்கமும் தள்ளாட்டமும் விரைவில் வந்து உயிரைக் குடித்துவிடும். இதற்கு மருந்து இல்லை. அதனால் போவாவையும் மலைப்பாம்பையும் சேர்த்து வைக்கவே கூடாது. புதிதாக வாங்கும் பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் தனி அறையில், தனித் தண்ணீர்ப் பாத்திரத்துடன் வைத்துப் பார்க்க வேண்டும். உண்ணிகளும் இந்தக் கிருமியைப் பரப்பலாம் என்ற சந்தேகம் இருப்பதால் அவற்றையும் அசட்டை செய்யக்கூடாது.

நான்காவது, பிறவிக் குறை. பால் பைத்தானில் ‘ஸ்பைடர்’ என்ற அழகிய நிறவகை உண்டு. அந்த நிறத்தைத் தரும் மரபணுவோடு தலையாட்டமும் சேர்ந்தே வருகிறது. இதற்குச் சிகிச்சை இல்லை. வாங்குமுன் யோசிப்பதே வழி.

மருத்துவரிடம் போகுமுன்

நடுங்கும் பாம்பைத் தூக்கிச் சோதிக்கக் கூடாது. 3 மீட்டருக்கு மேற்பட்ட பாம்பை ஒருவர் தனியாகக் கையாளவே கூடாது. நோயுற்ற பாம்பும் உடலைச் சுற்றி இறுக்கும். விளக்கு வெப்பத்தைக் குறைத்து, பெட்டியை மூடியபடியே காற்றோட்டம் கொடுத்து, பிள்ளைகளையும் நாய் பூனைகளையும் அப்புறப்படுத்த வேண்டும்.

பிறகு கைப்பேசியில் நடுக்கத்தை ஒரு நிமிடம் படம் பிடிக்கலாம். மருத்துவரிடம் போகும் நேரத்தில் நடுக்கம் நின்றிருக்கும். அப்போது அந்தக் காணொளிதான் சாட்சி. பெட்டியின் வெப்பம், கடைசியாக இரை தின்ற நாள், வீட்டில் அடித்த மருந்தின் பெயர், அண்மையில் வந்த புதுப் பாம்பு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பைப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது அலைச்சலைக் குறைக்கும்.

சட்டமும் முக்கியம். மலைப்பாம்பு 2010-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். தோட்டத்தில் பிடித்த குட்டியைத் தூக்கி வந்து வளர்ப்பதும் இதில் அடங்கும். உரிமம் இல்லாதவர் பயந்து மருத்துவரிடம் போகாமல் இருப்பார்; அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது பாம்புதான்.

தோட்டத்தில் கண்டால்

2016 ஏப்ரலில் பினாங்கு பாயா தெருபோங்கில் மேம்பாலக் கட்டுமான இடத்தில், சாய்ந்த மரத்தின் அடியில் ஒரு பெரிய சாவா பாத்திக் பிடிபட்டது. ஏறக்குறைய 8 மீட்டர் நீளம், 250 கிலோ எடை என்று அப்போது செய்திகள் வந்தன. உலக சாதனையாக இருக்குமோ என்று பலரும் பேசினார்கள். பிடிபட்ட மூன்றாம் நாள் அது ஒரு முட்டையிட்டது, பிறகு இறந்துபோனது. எல்லாரும் அதன் நீளத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, அது சூலியாக இருந்தது.

செம்பனை ஓலைக் குவியலிலோ பழைய லயத்தின் அடியிலோ முட்டையைச் சுற்றிப் படுத்திருக்கும் பாம்பைக் கண்டால், நடுங்கினாலும் நடுங்காவிட்டாலும், கம்பால் குத்தவோ முட்டையை எடுக்கவோ கூடாது. ஆள்களை விலக்கிவிட்டு 999-க்கு அழைத்தால் தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வரும். பாம்பு முட்டையோடு இருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் வருபவர்கள் கவனமாகக் கையாள்வார்கள்.

மலைப்பாம்புக்குத் தமிழில் மாசுணம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. சங்க நூலான மலைபடுகடாம், காட்டு வழியில் போகிறவர்களுக்கு அதைப் பற்றி எச்சரிக்கிறது. விழுந்து கிடக்கும் மரம்போலத் தெரியும், விலகிப் போங்கள் என்பதே அந்த அறிவுரை. செம்பனைக் காட்டுக்கு இன்றும் அது பொருந்தும். பெட்டிக்குள் வைத்து வளர்ப்பவருக்கு மட்டும் விலகிப் போகும் உரிமை இல்லை. அவர் கிட்டே நின்று, நடுங்குவது உடலா, தலையா என்று பார்த்தே ஆக வேண்டும்.