கடை திறந்திருக்கு, முகவரி சொல்ல ஆளில்லை



எங்கள் வானொலியை இப்போது பலர் கேட்பது இணையத்தில்தான். இறுதிக்கிரியை எத்தனை மணிக்கு என்று மரண அறிவித்தலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒலிபரப்புத் திறக்காவிட்டால், "உங்கட சேர்வர் விழுந்திட்டுதோ?" என்று உடனே தொலைபேசி வரும். சேர்வர் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதும் அப்படி நடக்கலாம். அதைத்தான் இம்மாதம் விளக்க விரும்புகிறேன்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறியும். நாம் தட்டும் இணையப் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவது பெயர் வழங்கி எனப்படும் கணினி. தொலைபேசி விசாரணைச் சேவை போன்றது. அந்த இலக்கத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வேண்டுமென்றே ஓயாமல் அழைத்தால் உங்கள் அழைப்பு உள்ளே போகாது.

2016 ஒக்ரோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. ருவிட்டர், நெற்பிளிக்ஸ், ஸ்பொட்டிபை போன்றவற்றின் பெயர்களை அது கவனித்து வந்தது. அவற்றின் சொந்தக் கணினிகளில் ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலருக்கு அன்று மணிக்கணக்காக அவை திறக்கவில்லை. தாக்கியவை பெரிய இயந்திரங்களல்ல. வீடுகளிலும் கடைகளிலும் பூட்டியிருந்த கமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கருவிகளுக்குள் மிராய் என்ற தீநிரல் புகுந்து, சொந்தக்காரருக்குத் தெரியாமலே அவற்றை ஏவியது.

இதைத் தடுப்பது எப்படி? ஒரே எண்ணைப் பல நாடுகளிலுள்ள பல கணினிகளுக்குக் கொடுத்து, கேள்விகளைப் பிரித்து அனுப்பும் முறை ஒன்று உண்டு. எனிகாஸ்ட் என்பார்கள். 2007 பெப்ரவரியில் இணையத்தின் உச்சியிலுள்ள வேர் வழங்கிகள் சில தாக்கப்பட்டபோது, மோசமாகத் திணறிய இரண்டும் அம்முறைக்கு அதுவரை மாறாதவை. அளவுக்கு மிஞ்சிக் கேட்கும் இடத்துக்குப் பதிலைக் குறைப்பதும் உதவும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: பெயரை இரண்டு நிறுவனங்களிடம் வைப்பது. நான் கணக்காளன். ஒருவர் மட்டுமே கையொப்பமிடும் சங்கக் காசோலைப் புத்தகத்தைக் கண்டால் எனக்கு ஒத்துவராது. அவர் ஊருக்குப் போய்விட்டால் மண்டபக் காசு கூடக் கட்ட முடியாது. டைனை மட்டும் நம்பியிருந்தவர்கள் பாடும் அன்று அதுதான். கோயிலுக்கோ கடைக்கோ இணையத்தளம் வைத்திருப்பவர்கள், பெயரை விற்ற நிறுவனத்திடம் இதற்கு வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கமரா பூட்டியவர்களுக்கு ஒரு சொல். கருவியை நிறுத்தி மறுபடி இயக்கினால் மிராய் அழிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே திரும்பவும் புகுந்துவிடும். பழைய மொடல்கள் சிலவற்றில் அதை மாற்றவே வழியில்லை. அவற்றை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.