பி65 புரதத்தைத் தேடும் ஆன்டிபாடிகள்: சரிபார்ப்பு ஏன் அவசியம்?

உடலில் கிருமித்தொற்று ஏற்பட்டதும், அழற்சி தொடர்பான மரபணுக்களைச் செயல்படத் தூண்டும் புரதங்களுள் முக்கியமானது 'என்எஃப்-கப்பா பி'. அமெரிக்காவில் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகிய விஞ்ஞானிகள் 1986ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்தனர். புற்றுநோய், முடக்குவாதம் குறித்த ஆய்வுகளிலும் இப்புரதம் கவனம் பெற்று வருகிறது.

இதன் பரவலான வடிவம் பி50, பி65 என்ற இரு துணை அலகுகளின் இணைப்பாகும். இயல்பு நிலையில், ஒரு தடுப்புப் புரதம் இந்த இணையை உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும். தொற்றுக்கான சமிக்ஞை கிடைத்ததும் தடுப்புப் புரதம் சிதைக்கப்படுகிறது. விடுபட்ட இணை உட்கருவுக்குள் நுழைந்து டிஎன்ஏவுடன் பிணைகிறது.

இந்த இடப்பெயர்வை அறிய, பி65 புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளை ஆய்வாளர்கள் பயன்படுத்துகின்றனர். ஒளிரும் சாயத்தின் உதவியால், பி65 செல்லின் எப்பகுதியில் உள்ளது என்பது நுண்ணோக்கியில் புலப்படும்.

ஆனால், ஆன்டிபாடி வேறொரு புரதத்தில் ஒட்டினாலும் அதே ஒளிதான் தெரியும். மூளை ஆய்வுகளில் பயன்படுத்தப்படும் பி65 ஆன்டிபாடிகள் சில இவ்வாறு தவறாக ஒட்டுவதாக 2011இல் வெளியான ஆய்வு எச்சரித்தது.

இதனைக் கண்டறிய, பி65 மரபணு நீக்கப்பட்ட செல்களில் அதே ஆன்டிபாடியைச் சோதிக்கலாம். அங்கும் ஒளி தெரிந்தால், அந்த ஆன்டிபாடியை நம்ப இயலாது. சர்வதேச விஞ்ஞானிகள் குழு 2016இல் பரிந்துரைத்த 5 சரிபார்ப்பு வழிமுறைகளில் மரபணு சார்ந்த இம்முறையும் ஒன்று.

இச்சோதனையைத் தவிர்த்தால், அழற்சிக்கு மருந்து தேடும் ஆய்வுகள் தொடர்பற்ற புரதத்தின் பின்னே செல்லும் அபாயம் உள்ளது.