இரத்தம் சொல்லும் செய்தி

காய்ச்சலும் இருமலுமாக மருத்துவமனைக்குச் சென்றால் இரத்தம் எடுக்கிறார்கள். நோய் நெஞ்சில் இருக்க, இரத்தத்தைச் சோதிப்பது ஏன் என்று பெரியவர்கள் பலர் கேட்பதுண்டு.

நம் உடலின் காவற்படை வெள்ளணுக்கள். பாக்டீரியா தாக்கும்போது அவற்றில் நியூட்ரோஃபில் என்னும் வகை பெரும்பாலும் பெருகும். வைரஸை எதிர்ப்பதில் லிம்போசைட் என்னும் வகைக்குப் பெரும்பங்கு உண்டு. பெரியவர்களின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் அது ஏறத்தாழ 1,000 முதல் 4,000 வரை இருக்கும்.

2003-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் 238 பேரைப் பீடித்து 33 உயிர்களைப் பறித்த சார்ஸ் நோயிலும், பின்னர் வந்த கோவிட்-19 நோயிலும், பலருக்கு லிம்போசைட் குறைந்தது. மிகவும் குறைந்தவர்களுக்கு நோய் கடுமையாகும் அபாயம் அதிகம். கோவிட் முற்றிய சிலருக்கு இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்தும் கூடியது.

ஆயினும் இரத்த எண்ணிக்கை மட்டுமே நோயின் பெயரைச் சொல்லிவிடாது. டெங்கிக் காய்ச்சலிலும் வெள்ளணு, தட்டணு இரண்டும் குறையும். 2020-இல் சிங்கப்பூரில் இரு நோயாளிகளுக்கு டெங்கி என்று விரைவுச் சோதனை தவறாகக் காட்டியது. அவர்களுக்கு வந்திருந்தது கோவிட் என்பது பிறகே தெரிந்தது.

ஆகவே அன்பர்களே, அறிக்கையில் ஓர் எண் குறைந்திருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். பெரும்பாலோருக்கு நோய் நீங்கியதும் அது சீராகிவிடும். அதே வேளையில், காய்ச்சல் விட்டதென்று மருத்துவர் குறித்த மறுசோதனையைத் தவிர்க்கவும் வேண்டாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ கண்டால், அறிக்கைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.