கொண்டைக் கரிக்குருவியும் ஒரு பெயர் மாற்றமும்

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மேயும் மாடுகளின் முதுகில் அமர்ந்து பூச்சி பிடிக்கும் இரட்டைவால் கரிக்குருவியை அறியாதவர் நம்மில் குறைவு. அதன் உறவினம் ஒன்று இந்நாட்டின் தென்மேற்கே ஈரவலய மழைக்காடுகளில் வாழ்கின்றது. நீலம் மினுங்கும் கருநிறமும், நெற்றியிற் சிறு கொண்டையும், ஆழமாகப் பிளவுபட்ட வாலும் கொண்ட அதனைக் கொண்டைக் கரிக்குருவி எனலாம்.

1817 இல் பிரெஞ்சுப் பறவையியலாளரான வியேயோ இதனைத் தனியினமாகவே விபரித்தார். எனினும், பிற்காலத்து நூல்கள் இதனைத் துடுப்புவால் கரிக்குருவியின் உபஇனமாகத் தரமிறக்கின. இந்தியா முதல் போர்னியோ வரை பரந்து வாழும் துடுப்புவால் கரிக்குருவி, கொண்டையிலும் வாலிலும் இடத்துக்கிடம் வேறுபடுவது. ஆகவே, இலங்கையின் மழைக்காட்டுப் பறவையும் அவ்வேறுபாடுகளுள் ஒன்றெனக் கருதப்பட்டமை வியப்பிற்குரியதன்று. ஆனால், துடுப்புவால் கரிக்குருவி நமது உலர்வலயக் காடுகளிலும் உண்டு. அதன் வெளிவால் இறகுகள் இரண்டும் கம்பிபோல் நீண்டு, நுனியில் துடுப்பாக விரிகின்றன. ஈரவலயப் பறவைக்கோ துடுப்பே இல்லை. 2005 இல் வெளியான தெற்காசியப் பறவைகள் பற்றிய தமது நூலில் பமீலா ராஸ்முசெனும் ஜோன் அண்டர்ட்டனும் இதனை மீண்டும் தனியினமாக்கினர். இன்று உலகப் பறவைப் பட்டியல்களும் அவ்வாறே கொள்கின்றன.

சிங்கராஜ வனத்தில் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாய் இரை தேடிச் செல்லும். தவிட்டுக்குருவிகள் இலைகளைக் கிளற, வெளிப்படும் பூச்சிகளைக் கரிக்குருவி பாய்ந்து பிடிக்கும். பருந்தினம் தென்பட்டால் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். பிற பறவைகளின் குரல்களையும் அது பின்பற்றுகின்றது. அபாய வேளையில் அவற்றின் அபாயக் குரல்களையும், அமைதியான வேளையில் அவற்றின் சாதாரண அழைப்புகளையும் அது ஒலிப்பதாக ஈபன் குடேலும் பேராசிரியர் சரத் கொட்டகமவும் 2006 இல் எழுதினர். அக்கட்டுரைகளில் இப்பறவைக்கு இடப்பட்டுள்ள பெயர் துடுப்புவால் கரிக்குருவி என்பதே. புதிய பெயரைக் கொண்டு தேடும் மாணவர் அவற்றைத் தவறவிடக்கூடும் என்பது வேறு விடயம்.

பெயரில் என்ன இருக்கிறது என வினவலாம். உபஇனமாக இருந்தவரை, இப்பறவை இங்கு அழிந்தாலும் அதன் இனம் போர்னியோ வரை வாழ்வதாகவே கணக்கிடப்பட்டிருக்கும். தனியினமான பின்னரோ, இங்கு அழிந்தால் உலகிலிருந்தே அழிந்ததாகிவிடும். பாதுகாப்புத் திட்டங்களும் நிதியும் பெரும்பாலும் இனங்களின் பட்டியலையே நோக்குவதால், இக்கணக்கை ஏட்டளவிலானது எனத் தள்ளிவிட முடியாது. ஒட்டுப்பலகைக்காக 1972 முதல் 1977 வரை மரம் தறிக்கப்பட்ட சிங்கராஜ, மக்களின் எதிர்ப்பினால் மீட்கப்பட்டு 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது.  அதற்கு வெளியே, ஈரவலயக் காடுகளிற் பெரும்பாலானவை தேயிலைத் தோட்டங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே சிறு துண்டுகளாகவே எஞ்சியுள்ளன.