இக்கரைக் கூலியும் அக்கரைக் கூலியும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவே டெலவேர் ஆறு ஓடுகிறது. பாலத்தைக் கடந்தால் மாநிலம் மாறும், கடைத்தெரு மாறாது. இக்கரையில் பர்கர் கிங் இருந்தால் அக்கரையிலும் இருக்கும். 1992 ஏப்ரல் 1ஆம் தேதி இரு கரைகளுக்கும் நடுவே ஒரு வேற்றுமை வந்தது. நியூ ஜெர்சியில் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலி 5.05 டாலராக உயர்ந்தது. பென்சில்வேனியாவில் பழைய கூலியே நீடித்தது.

அந்த உயர்வு வந்த நேரம் மிக மோசமானது. 1990இல் சட்டம் நிறைவேறியபோது மாநிலத்தின் பொருளாதாரம் தெம்பாக இருந்தது. அது அமலுக்கு வருவதற்குள் மந்தநிலை சூழ்ந்துவிட்டது. பயந்துபோன சட்டமன்றம், 80 சென்ட் உயர்வை இரண்டு ஆண்டுகளில் பிரித்துக் கொடுக்கலாம் என்று கடைசி நேரத்தில் வாக்களித்தது. ஆளுநர் ஜிம் ஃப்ளோரியோ அதற்கு இணங்கவில்லை. முழு உயர்வும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது.

பாடப்புத்தகத்தின்படி பார்த்தால் இது வேலைகளைக் காவு வாங்கியிருக்க வேண்டும். விலை ஏறினால் வாங்குவது குறையும். உழைப்புக்கும் அதே விதி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இந்த விதியை நேரில் சோதித்தார்கள். கூலி உயர்வதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இரு மாநிலங்களிலும் 410 துரித உணவகங்களைக் கணக்கெடுத்துக்கொண்டார்கள். ஆண்டு முடியும் தறுவாயில் அதே கடைகளை மறுபடியும் விசாரித்தார்கள். பகுதிநேர ஆட்களை முழுநேரக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, நியூ ஜெர்சியில் கடைக்குச் சராசரியாக 20.4 பேர் என்றிருந்தது 21.0 ஆகியிருந்தது. பென்சில்வேனியாவில் 23.3 என்பது 21.2 ஆகக் குறைந்திருந்தது.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டாவது வரியைத்தான். கூலியே உயராத கரையில் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். அந்த வட்டாரம் முழுவதும் வேலைச் சந்தை தளர்ந்துகொண்டிருந்தது. அக்கரையைப் பார்க்காமல் இக்கரையில் மட்டும் கணக்கெடுத்திருந்தால், நியூ ஜெர்சியின் எண் எப்படி இருந்திருந்தாலும் அதன் பொருள் நமக்குப் புரிந்திருக்காது. விமர்சகர்கள் பிடித்துக்கொண்டதும் இதையேதான். வித்தியாசத்தின் பெரும்பகுதி பென்சில்வேனியாவின் சரிவிலிருந்து வருகிறதே என்றார்கள். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பட்டியல்களைத் திரட்டி வேலை குறைந்ததாகக் காட்டினார்கள். கார்டும் க்ரூகரும் 2000இல் அரசுப் பதிவுகளை எடுத்துவந்து, சொல்லும்படியான இழப்பு இல்லை என்று பதில் சொன்னார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. க்ரூகர் 2019இலேயே காலமாகிவிட்டார்.

ஆற்றங்கரை ஒப்பீட்டை நாடு முழுக்க விரித்தவர்கள் அரிந்தரஜித் துபே, வில்லியம் லெஸ்டர், மைக்கேல் ரைக். மாநில எல்லையின் இருபுறமும் ஒட்டிக்கிடக்கும் மாவட்டங்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு 2010இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வேலை இழப்பு தென்படவில்லை. பழைய ஆய்வுகள் எங்கே தடுமாறின என்பதும் அதில் தெரிந்தது. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் கூலிச் சட்டம் அசையவே இல்லை. மக்கள் குடியேறிக்கொண்டிருந்ததால் வேலைகள் மட்டும் வேகமாகப் பெருகின. அவற்றோடு வடகிழக்கை வைத்துப் பார்த்தால், வட்டார வளர்ச்சியின் வேறுபாடு முழுவதும் கூலியின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

சியாட்டில் இதற்கு நேர் எதிரான சிக்கல். அந்த நகரம் 2015இல் 11 டாலர், 2016இல் 13 டாலர் வரை என்று கூலியை ஏற்றியபோது, அமேசான் போன்ற நிறுவனங்களால் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. மணிக்கு 19 டாலருக்குக் குறைவான வேலைகளில் உழைப்பு நேரம் சுமார் 9 சதவீதம் குறைந்தது என்று வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2017இல் அறிவித்தது. உணவகங்களை மட்டும் ஆராய்ந்த பெர்க்லி குழுவுக்கு இழப்பு எதுவும் கிடைக்கவில்லை. சந்தை சூடாக இருக்கும்போது, நேற்று 18 டாலர் வாங்கியவர் இன்று தானாகவே 20 டாலருக்குப் போய்விடுவார். கணக்கேட்டில் ஒரு குறைந்த கூலி வேலை ‘மறைந்துபோகும்’, ஆள் மறையவில்லை. வாஷிங்டன் குழுவின் எண்ணில் இதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை.

கூலி ஏறியும் ஆட்களைக் குறைக்காமல் ஒரு முதலாளியால் எப்படித் தாக்குப்பிடிக்க முடிகிறது? இதற்கான விடையின் வேர் 1933இல் ஜோன் ராபின்சன் எழுதிய நூலில் இருக்கிறது. ஓர் ஊரில் வேலை கொடுப்பவர் ஒருவரோ இருவரோ மட்டும் என்றால், தொழிலாளி ஈட்டித்தரும் மதிப்பைவிடக் குறைவாகவே அவர்கள் கூலி தருவார்கள். ‘பிடிக்கவில்லையா, போ’ என்று சொல்லலாம். போவதற்குத்தான் இடம் இருக்காது. அந்த இடைவெளிக்குள் சட்டம் கூலியை உயர்த்தினால் வேலை போகவேண்டிய கட்டாயம் இல்லை. வராதவர்களும் வேலைக்கு வரலாம்.

தொழிலாளி போக முடியுமா என்று கேட்பதோடு, முதலாளி போக முடியுமா என்றும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பர்கர் கடை வாடிக்கையாளரை விட்டுவிட்டுப் போகாது. நியூ ஜெர்சிக் கடைகள் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சமாளித்தன. பசிபிக் கடலில் உள்ள அமெரிக்கன் சமோவாவில் கதை வேறு. அந்தத் தீவின் தனியார் வேலைகள் சூரை மீனை டப்பாவில் அடைக்கும் இரண்டு ஆலைகளை நம்பியிருந்தன. அமெரிக்க நாடாளுமன்றம் 2007இல் இயற்றிய சட்டம், ஆலைக் கூலியை 3.26 டாலரிலிருந்து ஐம்பது ஐம்பது சென்ட்டாக உயர்த்தியது. 2009இல் அது 4.76 டாலரைத் தொட்டது. அந்தச் செப்டம்பரில் ஓர் ஆலை மூடப்பட்டது. 2,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். மீனைச் சுத்தம் செய்யும் வேலையை மலிவுக்கூலி நாடுகளில் முடித்துக்கொண்டு, டப்பா அடைப்பதை மட்டும் சில நூறு பேரோடு அமெரிக்கப் பெருநிலத்தில் செய்யலாம் என்றானது. அடுத்தடுத்த உயர்வுகளை அமெரிக்க நாடாளுமன்றமே தள்ளிவைத்தது.

இலங்கையின் மலையகம் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. தேயிலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு கப்பல் ஏற முடியாது. ஆனால் தேயிலையின் விலை ஏலத்திலும் உலகச் சந்தையிலும் முடிவாகிறது. பர்கர் கடையைப்போலத் தோட்டத்தால் விலையை ஏற்றிக்கொள்ள முடியாது. தொழிலாளி குடியிருக்கும் லயத்து அறையும் தோட்டத்துடையது. வேலையை விட்டால் கூரையும் ஆட்டம் காணும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று அரசிதழ் அறிவித்தபோது ஆட்களை யாரும் கூட்டமாக வெளியேற்றவில்லை. பறிக்க வேண்டிய கொழுந்தின் எடையைக் கூட்டினார்கள், வேலைநாட்களைக் குறைத்தார்கள், எடை குறைந்தால் ‘அரைப்பேர்’ போட்டு அரைநாள் கூலியே கொடுத்தார்கள் என்று தொழிற்சங்கங்கள் குமுறின. சியாட்டிலில் வாஷிங்டன் குழு ஆட்களோடு உழைப்பு மணிகளையும் எண்ணியது ஏன் முக்கியம் என்பது இங்கே விளங்கும். தலைகளை மட்டும் எண்ணினால் மலையகத்தில் ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும்.

தொழிலாளர்களின் பிள்ளைகள் கொழும்புக்கு வேலை தேடிப் போகத் தொடங்கியபின், கொழுந்து பறிக்க ஆள் போதவில்லை என்று இப்போது தோட்டங்களும் சொல்கின்றன. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் 2021க்கு முன்னும் பின்னும் எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், எத்தனை கிலோ என்று யாராவது உட்கார்ந்து எண்ண வேண்டும். டெலவேர் ஆற்றங்கரையில் கார்டும் க்ரூகரும் கடை கடையாக விசாரித்துப் பெற்ற தகவல், இங்கே ஒவ்வொரு தோட்டத்தின் வருகைப் பதிவேடான செக்ரோலிலும் நாள்வாரியாக எழுதப்பட்டிருக்கிறது.