கிரவல் ரோட்டில் ஒரு நாள்

பெல்மதுளைச் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பலாங்கொடைக்குப் போகிறது. மற்றது கஹவத்தை வழியாக எம்பிலிப்பிட்டியாவுக்கு. இந்த இரண்டாவது பாதையில் விடியற்காலையில் சைக்கிளை மிதிக்கத் தொடங்கினால், மாதம்பையில் திரும்பி, இறக்குவானையைக் கடந்து, புலுத்தோட்டைக் கணவாய் வரை ஏறி, இருட்டுமுன் திரும்பிவிடலாம். ஆனால் கால்களில் பலமும் மனத்தில் பொறுமையும் வேண்டும்.

இதை உங்களுக்கு ஏன் சொல்கிறோம்? நம் வாசகர்களில் பலருக்கு இந்த மலைகள் பிறந்த மண். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இரத்தினபுரித் தோட்டங்களை விட்டு, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கமம் செய்து, போரினால் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள். சைக்கிள் அவர்களுக்குப் புதிதல்ல. 1990இல் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்ட பின் நெல் மூட்டையையும் நோயாளியையும் சுமந்தது சைக்கிள்தான். வானொலி கேட்கவும் அதன் டைனமோதான் உதவியது.

ஏற்றம்

கஹவத்தை வரை ரப்பர் மரங்கள், வயல்கள், வயலோரத்தில் மாணிக்கக்கல் குழிகள். இறக்குவானைக்கு அப்பால் தேயிலை. கணவாயில் பத்துக் கொண்டையூசி வளைவுகள். மேலே நின்றால் உடவளவைச் சமவெளி கண்முன் விரிகிறது.

வன்னியின் சமதரையில் ஓடிய சைக்கிள் இங்கே திணறும். கியர் உள்ள சைக்கிளானால் ஏற்றம் தொடங்குமுன்னே இலேசான கியருக்கு மாற்றிவிட வேண்டும். கியர் இல்லாவிட்டால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை. கேரியரில் பாரம் கூடினால் முன்சில்லு மேலெழும்பும். ஆகவே பாரத்தைத் தாழ்வாகக் கட்டுங்கள்.

இறக்கம்தான் ஆபத்து. பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறும். மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கிரவலில் முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் சில்லு வழுக்கிவிடும்.

தார் முடியும் இடம்

பிரதான வீதி தார் ரோடு. தோட்டங்களுக்குப் பிரியும் பாதைகளோ பெரும்பாலும் கிரவல். அவை கொழுந்து லொறிக்காக வெட்டப்பட்டவை. ஆகவே தொழிற்சாலை வரை ஓரளவு செப்பனிட்டிருக்கும். லயத்துக்கு ஏறும் கடைசித் துண்டில் கல் பெயர்ந்து, மழைநீர் வாய்க்கால் வெட்டியிருக்கும். மோட்டார் வாகனத்தில் போகிறவர் இதைக் கவனிப்பதில்லை. சைக்கிளில் போகிறவரின் கைகள் ஒவ்வொரு கல்லையும் உணர்கின்றன. பிரசவ வலியோடு இறங்கும் தாய்க்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் அதுவே அன்றாடப் பாதை.

2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் பல உயிர்களைப் பறித்தன. மலைச்சரிவில் நீர் வடியக் கான் இல்லாத பாதை, பாதையாக மட்டும் கெடுவதில்லை. கீழேயுள்ள வீடுகளுக்கும் ஆபத்தாகிறது. கானைத் துப்புரவாக வைத்திருப்பதும், கழிவு நீரைச் சரிவில் விடாதிருப்பதும் ஊரார் கூடிச் செய்யக்கூடிய சிரமதானம். தார் போடுவது அதிகாரிகளின் கடமை. அதைக் கேட்பது நமது உரிமை.

அவசரத்தில் விட்டுவந்த பாதையில் ஒருநாள் ஆறுதலாக ஏறிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். எந்த லயத்தில் பிறந்தோம், எந்த வளைவில் சுமை இறக்கி இளைப்பாறினோம் என்று காட்டுங்கள். மண்ணை இழந்தவர்கள் பாதையையும் மறந்துவிடக் கூடாது.